வீட்டு ஸ்டுடியோ: அடுத்த மைக் வாங்கும் முன் அறையைச் சரிசெய்யுங்கள்

வீட்டில் பதிவு செய்த குரலைத் திரும்பக் கேட்கும்போது கிணற்றுக்குள் நின்று பாடியதுபோல இருந்தால், முதல் சந்தேகம் மைக்கின் மேல்தான் போகும். இன்னும் நல்ல மைக் வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். நல்ல மைக் தன் முன்னால் ஒலிப்பதை அப்படியே எடுத்துக் கொடுக்கும். அறை சரியில்லையென்றால் அந்தக் குறையையும் துல்லியமாக எடுத்துக் கொடுக்கும்.

என் முதல் அறையில் நான் அவசரப்பட்டேன். ஓர் அங்குலத் தடிமனில் மேடுபள்ளமாக வரும் ஃபோம் துண்டுகளை நான்கு சுவரிலும் ஒட்டினேன். கைதட்டினால் கேட்ட 'ட்ரிங்' என்ற ஓசை போய்விட்டது. வேலை முடிந்தது என்று நம்பினேன். ஆனால் அங்கே மிக்ஸ் செய்த பாட்டை, அதாவது தனித்தனியாகப் பதிவு செய்த குரலையும் கருவிகளையும் அளவு பார்த்து ஒன்றாக்கிய பாட்டை, வேறு இடத்தில் போட்டுக் கேட்டால் பேஸ் கிட்டாரையே காணோம். அறைக்குள் கீழ் ஓசைகள் கும்மென்று தேங்கி நின்றதால், பேஸ் கூடுதலாக இருக்கிறது என்று நினைத்துக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறேன். ஒட்டிய ஃபோம் அந்தத் தேக்கத்தைத் தொடக்கூட இல்லை. மேல் ஓசைகளை மட்டும் விழுங்கிவிட்டது. கீழே சொல்லும் வரிசை அந்த அனுபவத்தில் கிடைத்தது: செலவில்லாத வேலைகள் முதலில், பிறகு மூலைகள், அதற்கும் பிறகுதான் சுவர்கள்.

தடுப்பது வேறு, அடக்குவது வேறு

வெளிச் சத்தம் உள்ளே வராமலும் உள்ளே வாசிப்பது பக்கத்து அறைக்குப் போகாமலும் தடுப்பது ஒரு வேலை. உள்ளே எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து குழப்பாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. முன்னதற்கு எடையும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும். கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், கதவு எவ்வளவு கனமானதாக இருந்தாலும் தடுப்பு சுமார் 20 டெசிபெலைத் தாண்டாது. அதனால்தான் கதவின் அடியிலும் விளிம்பிலும் ரப்பர் பட்டை ஒட்டுவது சின்ன வேலையானாலும் பெரிய பலன் தரும்.

பஞ்சு, ஃபோம், திரைச்சீலை போன்றவற்றுக்கு எடை கிடையாது. காற்று நுழையும் பொருளில் ஒலியும் நுழைந்து மறுபக்கம் போய்விடும். அவற்றைச் சுவரில் மாட்டிவிட்டு வெளியே சத்தம் கேட்காது என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இனி இங்கே சொல்வதெல்லாம் இரண்டாவது வேலையைப் பற்றித்தான்.

ஏன் தடிமன் வேண்டும்

ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. அதை அதிர்வெண்ணால், அதாவது வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற ஹெர்ட்ஸ் எண்ணால், வகுத்தால் அலைநீளம் வந்துவிடும். 10,000 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. 1,000 ஹெர்ட்ஸுக்கு 34 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸுக்கு 3.4 மீட்டர், அதாவது ஒரு அறையின் அகலம். 50 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 7 மீட்டர்.

பஞ்சு போன்ற பொருள், தன் இழைகளுக்கிடையே ஓடும் காற்றை உராய்ந்துதான் ஒலியை உறிஞ்சுகிறது. காற்று வேகமாக அசையும் இடத்தில் பஞ்சு இருந்தால் உறிஞ்சும். அசையாத இடத்தில் இருந்தால் சும்மா கிடக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை, அழுத்தம் மட்டுமே கூடிக் குறைகிறது. அசைவு உச்சத்துக்குப் போவது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி. 1,000 ஹெர்ட்ஸுக்கு அது எட்டரை சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸுக்கு 86 சென்டிமீட்டர். சுவரோடு ஒட்டிய ஓர் அங்குல ஃபோம் ஏன் மேல் ஓசைகளை மட்டும் பிடிக்கிறது என்பது இப்போது புரியும். முட்டை அட்டை அதைவிட மோசம். மெல்லிய அட்டை எதையும் உறிஞ்சும் அளவுக்குத் தடிமனானதில்லை, எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும்.

இன்னொரு விஷயம், ஒவ்வோர் அறைக்கும் தனக்கென்று சில சுருதிகள் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சரியாக அரை அலை பொருந்தும் ஓசை, அங்கேயே நின்று நின்று ஒலிக்கும். 343ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள அறை என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 43 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 57, உயரவாக்கில் 63 அல்லது 64. இவற்றின் இரு மடங்கு, மூன்று மடங்கும் சேர்ந்துகொள்ளும். பேஸ் கிட்டாரின் தடித்த நான்காம் கம்பியில் முதல் கட்டத்தை அழுத்தினால் வருவது 43.7 ஹெர்ட்ஸ். இந்த அறையில் அந்த ஒரு சுரம் மட்டும் வீங்கி ஒலிக்கும். வாசிப்பவர் சீராக வாசித்திருப்பார். நீங்கள் அவர்மேல் குறை காண்பீர்கள்.

நீளமும் அகலமும் உயரமும் ஒரே அளவாக இருந்தால் மூன்றின் சுருதிகளும் ஒரே இடத்தில் விழுந்து தொல்லை மும்மடங்காகும். வீட்டில் அறையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் சதுர அறையைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் படி: காதால் அளந்து எழுதுங்கள்

எதையும் வாங்கும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அறையின் நடுவில் நின்று ஒருமுறை பளீரென்று கைதட்டுங்கள். தட்டிய பின் படபடவென்று ஒரு வால் கேட்டால், எதிரெதிராக இரண்டு வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்துபோல மாற்றி மாற்றி அடிக்கின்றன. எந்த இடத்தில் நின்றால் அது பலமாகக் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 30 ஹெர்ட்ஸில் தொடங்கி 200 வரை மெல்ல ஏறும் ஒற்றை ஓசையை ஸ்பீக்கரில் மிதமான சத்தத்தில் போடுங்கள். இதற்கு இலவசச் செயலிகள் நிறைய உண்டு. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் இருந்து கேளுங்கள். சில எண்களில் அறையே எழுந்து நிற்பதுபோல ஓசை பெருகும், சில எண்களில் காணாமல் போகும். அவற்றை எழுதுங்கள். காணாமல் போன எண்ணில் ஓசையை நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து நடந்து பாருங்கள். ஓரடி நகர்ந்தால் அதே ஓசை திரும்ப வந்து நிற்கும். இதைத் தன் காதால் ஒருமுறை கேட்டவருக்கு அறை என்றால் என்ன என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் மைக்கில் பதிவு செய்து, சத்தத்தைக் கூட்டி ஹெட்போனில் கேளுங்கள். மின்விசிறி, கணினி விசிறி, குளிர்பதனப் பெட்டி, குழாயில் ஓடும் தண்ணீர் என்று காது பழகிப்போய் விட்டுவிட்டதெல்லாம் அப்போது தெரியவரும். கணினியை மேசைக்கு அடியிலிருந்து தள்ளி வைப்பதும், பாடும் நேரத்தில் விசிறியை நிறுத்துவதும் காசில்லாத திருத்தங்கள்.

இரண்டாம் படி: மேசையை நகர்த்துங்கள்

இதைச் செய்யாமல் ஒலி உறிஞ்சும் பலகை மாட்டத் தொடங்குபவர்கள்தான் அதிகம். மேசையை நகர்த்துவதால் கிடைக்கும் மாற்றத்தை எந்தப் பஞ்சும் தராது.

நீளமான அறையில் குறுகிய சுவரைப் பார்த்து உட்காருங்கள். இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் உங்களுக்குச் சம தூரத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் திறந்த கதவு என்று இருந்தால் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும். தலை, அறையின் சரிபாதியில் வரக்கூடாது. நம் எடுத்துக்காட்டு அறையில் 43 ஹெர்ட்ஸ் சரியாக அந்த நடுக்கோட்டில்தான் மறைகிறது. பின்சுவரில் முதுகு உரச உட்கார்வதும் கூடாது, அங்கே எல்லா பேஸும் குவியும். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத் தொலைவில் தொடங்குவது பழைய வழக்கம். 4 மீட்டர் அறைக்கு அது ஒன்றரை மீட்டர். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இடத்தில் உட்கார்ந்து, முன்னே பின்னே ஒரு சாண் நகர்ந்து, எழுதிவைத்த எண்களை மறுபடி ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். எங்கே ஏற்ற இறக்கம் குறைவோ அதுதான் உங்கள் இடம்.

இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். மேல் ஓசை தரும் சிறிய கூம்பு காது உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் முகத்துக்கும் பின்னாலுள்ள சுவருக்கும் எவ்வளவு தூரம் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. பேஸ் ஒலி முன்னால் மட்டும் போவதில்லை, சுற்றிலும் பரவும். பின்னால் போனது சுவரில் பட்டுத் திரும்பி வந்து, நேராக வரும் ஒலியோடு மோதி ஓர் அதிர்வெண்ணை அழித்துவிடும். தூரம் 1 மீட்டர் என்றால் அழிவது 86 ஹெர்ட்ஸ். பேஸின் உயிர்நாடியான இடம் அது. தூரம் 35 சென்டிமீட்டர் என்றால் குழி 245 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அங்கே ஒரு தடித்த பலகையால் அதை அடக்கிவிடலாம். அதனால் சிறிய அறையில் ஸ்பீக்கரைச் சுவருக்கு அருகே கொண்டுபோய், பின்னால் ஒரு பலகை வைப்பதே நல்லது என்பது என் கருத்து. அருகே வைத்ததால் பேஸ் பொதுவாகக் கூடும். பல ஸ்டுடியோ ஸ்பீக்கர்களின் பின்புறம் அதைக் குறைக்கும் விசை இருக்கும்.

மூன்றாம் படி: மூலைகள்

அறையின் எல்லாச் சுருதிகளும் அழுத்தத்தோடு கூடும் இடம் மூலை. ஓசையை ஏறவிட்டுக்கொண்டு மூலையில் காதை வைத்துப் பாருங்கள், எந்த எண்ணிலும் அங்கே ஓசை பலமாக இருக்கும். பேஸைப் பிடிக்க வேண்டுமானால் அங்கேதான் பொறி வைக்க வேண்டும். அதற்கு ஸ்டுடியோக்காரர்கள் வைத்த பெயரும் அதுதான்: பேஸ் ட்ராப்.

கையால் செய்துகொள்ளலாம். 60 சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் உயரம், 10 சென்டிமீட்டர் ஆழம் உள்ள ஒரு மரச்சட்டம் செய்யுங்கள். உள்ளே கண்ணாடிக் கம்பளி அல்லது ராக்வூல் (பாறை இழைக் கம்பளி) பலகைகளை நிரப்புங்கள். ஒரு கன மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ அடர்த்தி உள்ளது பொருத்தமாக இருக்கும். பின்பக்கத்தைப் ப்ளைவுட் போட்டு மூடாதீர்கள். துணியே போதும், அப்போதுதான் பின்னாலிருந்தும் ஒலி நுழையும். முன்பக்கத் துணியைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை உண்டு: வாயில் வைத்து ஊதுங்கள். மூச்சு தடையில்லாமல் போனால் ஒலியும் போகும். துணியை இழுத்துப் பின்பக்கம் ஸ்டேப்ளர் கன்னால் அடித்தால் பலகை தயார்.

இந்த இழைகள் தோலில் அரிப்பையும் தொண்டையில் எரிச்சலையும் உண்டாக்கும். வெட்டும்போது முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை எதையும் விடாதீர்கள். முடிந்தால் வெட்டும் வேலையை அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் கட்டி வரும் சாதாரண ஃபோமை மலிவாகக் கிடைக்கிறதே என்று சுவரில் ஒட்ட வேண்டாம். பாலியூரித்தேன் ஃபோம் தீப்பிடித்தால் மளமளவென்று எரிந்து நச்சுப்புகை கக்கும். தீத்தடுப்புச் சான்றில்லாத எதுவும் மூடிய அறைக்குள் வரக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் பேச மாட்டேன்.

பலகையை மூலையில் குறுக்காக, இரு சுவரையும் தொட்டுக்கொண்டு சாய்வாக நிறுத்துங்கள். அப்போது அதன் நடுப்பகுதிக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் வரை வெற்றிடம் கிடைக்கும். முன்பு சொன்ன கால் அலைநீளக் கணக்கில் இந்த இடைவெளியும் சேர்ந்துகொள்வதால், அதே பலகை இன்னும் கீழே இறங்கி வேலை செய்யும். இடமும் பொருளும் இருந்தால் மூலையையே முக்கோணமாகப் பஞ்சால் நிரப்பிவிடலாம். அவ்வளவு தடிமனாகப் போகும்போது அடர்த்தி குறைந்த, தளர்வான பஞ்சே மேல். நான்கு செங்குத்து மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை அடுக்குவதே இலக்கு. முதலில் இரண்டுதான் முடியும் என்றால் ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள இரு மூலைகளில் தொடங்குங்கள். சுவரும் கூரையும் சேரும் கோடும் மூலைதான், அதையும் மறந்துவிடக் கூடாது.

எத்தனை வேண்டும் என்று கேட்பார்கள். சிறிய அறையில் பேஸ் ட்ராப் அளவுக்கு மீறிப் போனதாக நான் பார்த்ததில்லை.

நான்காம் படி: கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்பர்

ஸ்பீக்கரிலிருந்து நேராகக் காதுக்கு வரும் ஒலியைத் தொடர்ந்து, பக்கச் சுவரில் ஒருமுறை பட்டுத் தெறித்த ஒலி வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு தாமதமாக வரும். அவ்வளவு சிறிய தாமதத்தை நம் காது தனி எதிரொலியாகப் பிரித்து அறியாது, ஓசையின் நிறம் மாறியதாகவே உணரும். இரண்டு பாதைக்கும் 34 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் தாமதம் 1 மில்லி வினாடி. 500 ஹெர்ட்ஸ், 1,500, 2,500 என்று சீப்பின் பற்களைப் போல வரிசையாகக் குழிகள் விழும்.

தெறிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். நண்பர் ஒரு கைக்கண்ணாடியைப் பக்கச் சுவரில் காது உயரத்தில் வைத்து மெல்ல நகர்த்தட்டும். கண்ணாடியில் உங்களுக்கு எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பென்சிலால் குறி. ஒவ்வொரு சுவரிலும் இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனிக் குறி கிடைக்கும். அந்தக் குறிகளை மூடும்படி பலகை மாட்டுங்கள், சுவரோடு ஒட்டாமல் 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி. அதே கண்ணாடியைக் கூரையிலும் நகர்த்திப் பாருங்கள். தலைக்கு மேலே தொங்கவிடும் பலகை பல வீட்டு அறைகளில் பக்கச் சுவர்ப் பலகையைவிடக் கூடுதல் பலன் தரும், ஏனென்றால் கூரைதான் பெரும்பாலும் மிக அருகில் இருக்கும் வெற்றுப் பரப்பு. சட்டத்தோடு சேர்த்து அது ஆறேழு கிலோ வரலாம். நான்கு முனையிலும் கூரைக்குள் நன்றாக இறங்கிய கொக்கியில் மாட்டுங்கள், பசையை நம்பாதீர்கள்.

பின்சுவரில் இடம் இருக்கும்வரை தடித்த பலகைகள். ஒலியைச் சிதறடிக்கும் மரக்கட்டை டிஃப்யூசர்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அவை ஒழுங்காக வேலை செய்யக் காதிலிருந்து சற்றுத் தொலைவு வேண்டும். சிறிய அறையில் அந்தப் பணத்துக்கும் பஞ்சே வாங்கலாம். மற்ற வெற்றுச் சுவர்களை முழுக்க மூடிவிடாதீர்கள். ஒரு சுவரில் பலகை, எதிர்ச் சுவரில் அதே இடம் வெறுமை என்று மாற்றி மாற்றி வைத்தால் கைதட்டலின் படபடப்பு போய்விடும், அறையும் உயிரோடு இருக்கும். தரையில் ஒரு விரிப்பு, ஒரு பக்கம் புத்தக அலமாரி, ஒரு சோபா இருந்தால் அவையும் உங்களுக்காக உழைக்கும்.

இங்கே வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியரை நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரை அரங்கில் முழக்கம் தாங்காமல், பேச்சே புரியவில்லை என்று அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம் வரும் என்ற விதி அங்கிருந்து பிறந்தது. உங்கள் வீட்டு மெத்தையையும் தலையணைகளையும் நாளை காலை இப்படிச் சுவரில் சாய்த்துவைத்துச் சோதித்துப் பார்க்கலாம். காது ஒப்புக்கொண்ட இடத்தில் பலகையை மாட்டினால் ஆணித் துளை வீணாகாது.

பாடவும் பேசவும் மட்டும் பதிவு செய்பவர்களுக்கு

மிக்ஸ் செய்யும் எண்ணம் இல்லை, குரல் மட்டும் சுத்தமாக வந்தால் போதும் என்பவர்களுக்கு வேலை பாதியாகக் குறையும். கார்டியாய்டு மைக் தன் முன்னால் இருப்பதைக் கேட்கும், பின்னால் இருப்பதை ஏறக்குறைய விட்டுவிடும். மைக்கின் முகத்துக்கு நேராக நீங்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு சுவர். அந்தச் சுவரிலிருந்து தெறிப்பதுதான் மைக்குக்குள் நேராகப் போகிறது. அதனால் முதல் இரண்டு பலகைகளைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். மைக்குக்குப் பின்னால் வளைத்து மாட்டும் சிறிய ஃபோம் கவசங்களை முதலில் வாங்குபவர்கள், மைக்குக்குக் கேட்காத பக்கத்தையே மூடுகிறார்கள். கணினியோ சன்னலோ இரைச்சல் தந்தால், மைக்கின் முதுகை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம் நல்ல தொடக்கம். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். அறையின் முழக்கமோ அதே அளவில்தான் இருக்கும். மிக நெருங்கினால் குரலின் அடிப்பகுதி தடித்துவிடும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. மூலையிலும் அறையின் சரிநடுவிலும் நிற்காதீர்கள். துணி அலமாரிக்குள் புகுந்து பாடினால் மேல் ஓசைகள் செத்து, நெஞ்சு ஓசை மட்டும் பெட்டிக்குள் அடைபட்டதுபோல வரும். அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி வெளியே நின்று பாடுங்கள். தொங்கும் துணிகளே உங்கள் பலகையாகிவிடும்.

கடைசியாக ஒருமுறை அளந்து பார்ப்பது

காது நண்பன்தான், ஆனால் இரண்டு நாளில் எதற்கும் பழகிவிடும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், எல்லாத் திசையிலும் ஒரேபோல் கேட்கும் ஓர் அளவை மைக்கும் இருந்தால், பலகை மாட்டும் முன்னும் பின்னும் அறையை வரைபடமாகப் பார்க்கலாம். மைக்கை உங்கள் தலை இருக்கும் இடத்தில், காது உயரத்தில் நிறுத்தி அளவெடுங்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மேடு பள்ளம் எவ்வளவு என்பதோடு, ஒவ்வோர் ஓசையும் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அருவி வரைபடத்தையும் பாருங்கள். பேஸ் ட்ராப் செய்யும் உபகாரம் அந்த இரண்டாவது படத்தில்தான் பளிச்சென்று தெரியும். நம் அளவு அறைக்கு மொத்த முழக்க நேரம் 0.2 முதல் 0.3 வினாடி வரை, கீழ் ஓசைக்கும் மேல் ஓசைக்கும் பெரிய வேறுபாடில்லாமல் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

படத்தில் தெரியும் பள்ளங்களை, குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் தூக்கி நிரப்பத் தோன்றும். அது நடக்காது. நேர் ஒலியைக் கூட்டினால் அதை அழிக்கும் தெறிப்பொலியும் கூடவே கூடும், ஸ்பீக்கர்தான் திணறும். மேடுகளை இரண்டு மூன்று டெசிபெல் வெட்டுவது பரவாயில்லை. பள்ளத்துக்கு மருந்து, நாற்காலியை நகர்த்துவதும் பஞ்சைக் கூட்டுவதும்தான்.

எல்லாம் முடிந்த அன்றே புது மிக்ஸைத் தொடங்க வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பத்துப் பாட்டுகளை ஒரு வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். இத்தனை நாள் கேட்ட பாட்டில் பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து நடப்பதும், பாடகர் வரி முடிவில் மூச்சு வாங்குவதும் தெரியத் தொடங்கும். பிறகு பழைய மிக்ஸ் ஒன்றைத் திறந்து, அதில் எந்தெந்தச் சுரங்களை முன்பு தவறாகக் குறைத்தீர்கள் என்று உங்கள் பழைய தாளிலுள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.